மலையில் தலைவலி: உயரத்தாலா, கேஸாலா?

கேள்வி: டல்லாஸில் வசிக்கிறோம். போன மாதம் ஆர்.வி. (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, கொலராடோவில் லெட்வில் பக்கம் இரண்டு இரவு தங்கினோம். இரவெல்லாம் புரொப்பேன் ஹீட்டர் ஓடியது. விடியற்காலைக் குளிருக்கு அடுப்பையும் கொஞ்ச நேரம் எரியவிட்டோம். இரண்டு நாளும் காலையில் நான்கு பேருக்கும் தலைவலி, குமட்டல். வெளியே நடந்தால் சரியாகிவிட்டது. விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் 92 காட்டியது. உயரத்தால் வந்ததுதானே டாக்டர்? அடுத்த மாதம் மறுபடி போகிறோம்.

பதில்: உயரத்தாலும் இருக்கலாம். ஆனால் ‘நான்கு பேருக்கும்’, ‘வெளியே நடந்தால் சரியாகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவின் மேல்தான் சந்தேகம் வந்தது. உயரத்தால் வரும் தலைவலி ஒருவருக்கு வரும், பக்கத்தில் படுத்தவருக்கு வராமலும் போகலாம். வண்டியை விட்டு இறங்கியதும் அது போகாது. உடம்பு பழக ஓரிரு நாள் ஆகும், அல்லது மலையிறங்க வேண்டும்.

லெட்வில் 10,000 அடிக்கும் மேலே இருக்கும் ஊர். அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் சுமார் 30 சதவீதம் குறைவு. அடுப்புக்கும் அதே கதிதான். கேஸ் வழக்கம்போல வரும், அதை எரிக்கும் காற்று போதாது. பாதி எரிந்த கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பும். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகத் துள்ளும். பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். உங்கள் பாத்திரம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

ஆக்சிமீட்டரை இதில் நம்பவே கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடிப்பது கார்பன் மோனாக்சைடு. அப்படிப் பிடித்ததையும் அந்தக் கருவி ஆக்சிஜன் என்றே கணக்குப் போடும். ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும், அதுவும் உடனே எடுத்தால். சாதாரணக் காற்றில் நாலைந்து மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும் என்பதால் இப்போது எடுத்துப் பயனில்லை.

அடுத்த பயணத்தில் அடுப்பைக் குளிர் காயப் பயன்படுத்தவே வேண்டாம். சமைக்கும்போது ஜன்னலையும் கூரை விசிறியையும் திறந்து வையுங்கள். இந்த வண்டிகளில் ஃப்ரிட்ஜும் கேஸில் ஓடலாம்; உயரத்தில் அதன் சுடரும் சரியாக எரியாது. முகாமில் மின்சார இணைப்பு இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். தரையோரம் இருக்கும் கருவி கேஸ் கசிவுக்கு மட்டுமானதாக இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், பின்பக்கத் தேதியையும் பாருங்கள். காலாவதியான அலாரத்தை நம்பித் தூங்கக் கூடாது. கையோடு பேட்டரியில் ஓடும் ஒன்றை வாங்கிப் போவது இன்னும் நல்லது.

அலாரம் அடித்தாலோ, எல்லோருக்கும் ஒன்றாகத் தலை வலித்தாலோ, முதலில் அத்தனை பேரும் வெளியே வாருங்கள். தூங்குபவரை எழுப்பி இழுத்துவாருங்கள். எதையும் எடுக்க உள்ளே திரும்ப வேண்டாம். வெளியே நின்று 911-ஐக் கூப்பிடுங்கள். உடம்பு சரியான மாதிரி இருந்தாலும் மருத்துவமனையில் ஆக்சிஜன் தேவைப்படலாம்; கர்ப்பிணியும் குழந்தைகளும் கட்டாயம் போக வேண்டும்.

அப்புறம் ஒன்று. வண்டி கொடுத்தவர்களுக்கு இன்றைக்கே போன் செய்து, நடந்ததைச் சொல்லி, ஹீட்டரையும் அடுப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த வாரம் வேறொரு குடும்பம் அதில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.