எல்லோரும் வாங்குகிறார்கள் என்றால் நாமும் வாங்க வேண்டுமா?

கேள்வி: 2020ஆம் ஆண்டில், மக்கள் அஞ்சிப் பொருள்களை வாங்கிக் குவிக்கிறார்கள் என்று கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து வெளிவந்தன. அவற்றைப் படித்துவிட்டு 20 புட்டி சானிட்டைசர் வாங்கினேன். பாதிக்கு மேல் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. இனியொரு பெருந்தொற்று வந்தால் இத்தகைய கணிப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? இருக்கும் புட்டிகளை என்ன செய்வது?

பதில்: அந்தக் கணிப்புகள் உங்களிடம் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவை அளந்தது மக்களின் மனநிலையை. கிடங்கில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை அவை அளக்கவே இல்லை.

ஒரு கடைக்கு 100 வீடுகளுக்கென 100 புட்டிகள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் 50 வீட்டார், எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டால், யாருமே பதுக்காத நிலையிலும் மற்ற 50 வீட்டார் வெறுங்கையோடு திரும்ப நேரும். காலியான அந்த அலமாரியைக் கண்டவர்கள் அடுத்த முறை நான்கு எடுப்பார்கள், "பிறர் வாங்கிக் குவிக்கிறார்களா?" என்று கணிப்பில் கேட்டால் ஆம் என்பார்கள், அந்தப் பதில் செய்தியாகி இன்னும் பலரைக் கடைக்கு அனுப்பும். அச்சம் இப்படித்தான் தனக்குத் தானே சான்று தேடிக்கொள்கிறது.

உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் பரவலைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்ட காலத்தில் சானிட்டைசருக்கு உண்மையாகவே தட்டுப்பாடு இருந்தது. மது வடிப்பாலைகளும் வாசனைத் திரவிய ஆலைகளும்கூட அதைத் தயாரிக்க முன்வந்தன. எனினும், அத்தட்டுப்பாடு தணிந்ததும் அவ்வாறு உற்பத்தி பெருகியதால்தான்.

கணிப்பைப் படிக்கும்போது, யாரிடம் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், என்ன சொற்களில் கேட்டார்கள் என்று பாருங்கள். பெருந்தொற்றின்போது நேரில் சென்று கேட்பது பெரும்பாலும் நின்றுபோய், தொலைபேசியும் இணையமுமே வழியாயின. இணைய வசதி இல்லாத முதியவர்கள் போன்றோர் எளிதில் விடுபட்டுவிடுவார்கள். எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலேயே இக்குறை தீர்ந்துவிடாது. 1936இல் அமெரிக்க வார இதழ் ஒன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டியும் அதிபர் தேர்தலில் வெல்பவரைத் தவறாகக் கணித்தது. அடுத்த மாதம் என்ன வாங்குவோம் என்று மக்கள் சொல்வதற்கும் உண்மையில் வாங்குவதற்கும் இடைவெளி உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அதனால் உங்கள் வீட்டுக் கணக்கையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஒரு புட்டியைத் திறந்த நாளை அதன்மேல் எழுதி வைத்தால், எத்தனை நாளில் தீர்கிறது என்று தெரிந்துவிடும். பயன்பாட்டில் ஒன்று, கைவசம் ஒன்று என்பதே என் கருத்தில் போதுமானது.

இப்போது அலமாரியில் உள்ளவற்றை எடுத்துப் பாருங்கள். மூடியோரத்தில் களிம்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆல்கஹால் ஆவியாகத் தொடங்கியிருக்கலாம். குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால்தான் அது பயன் தரும் என்பதால், காலாவதி நாள் கடந்தவற்றை நம்ப வேண்டாம். மெத்தனால் என்னும் நச்சு ஆல்கஹால் கலந்திருந்ததாகத் திரும்பப் பெறப்பட்டவையும் அக்காலத்தில் உண்டு. தயாரிப்பாளர் பெயரே இல்லாத புட்டியைத் தயங்காமல் ஒதுக்குங்கள். இது எளிதில் தீப்பற்றும் பொருள், எனவே எதையும் அடுப்படியில் வைக்காதீர்கள், ஒதுக்கியவற்றை அபாயக் கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படையுங்கள். வீட்டில் இருக்கும்போது, சோப்பிட்டு 20 விநாடி கை கழுவினாலே போதும்.