நுழைவுத்தேர்வில் தவறிய மகனுக்கு லிங்கன் என்ன செய்தார்?

வணக்கம் அம்மா. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத்தேர்வில் ரேங்க் வராததால் மகன் யாரிடமும் பேசுவதில்லை, மறுபடி எழுத வைத்தால் ஒரு வருடம் வீணாகிவிடுமே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கவலை ஆபிரகாம் லிங்கன் வீட்டிலும் இருந்தது.

அவருடைய மூத்த மகன் ராபர்ட் 1859-இல் ஹார்வர்டு நுழைவுத்தேர்வு எழுதினான். 16 பாடங்களில் 15-இல் தேறவில்லை. லிங்கன் அப்போது இல்லினாய் மாநிலத்தில் பேர்பெற்ற வக்கீல். அவர் பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்து ஒரு வருடம்கூட இருக்காது. இரவல் புத்தகங்களைத் தனியாகப் படித்தே 1836-இல் வக்கீல் உரிமம் வாங்கியவர். ஆனாலும் மகனுக்கு அந்த வழியைக் காட்டவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள பிலிப்ஸ் எக்ஸிடர் பள்ளியில் ஒரு வருடம் படிக்க வைத்தார். 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் முக்கியமான அரசியல் உரை ஒன்றை முடித்த கையோடு அங்கே போய் மகனைப் பார்த்தார். அந்த ஆண்டே ராபர்ட்டுக்கு ஹார்வர்டில் இடம் கிடைத்தது.

நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வது அடுத்து நடந்ததைத்தான். ராபர்ட்டின் நண்பன் ஜார்ஜ் லேதமுக்கு இடம் கிடைக்கவில்லை. லிங்கன் அப்போது குடியரசுத் தலைவர் வேட்பாளர். அந்த நேரத்திலும், 1860 ஜூலை 22 அன்று அவனுக்குக் கடிதம் எழுதினார். செய்தி கேட்டு மிகவும் வேதனைப்பட்டதாகவும், மனம் தளரவிடாவிட்டால் இது பெரிய விஷயமே இல்லை என்றும் எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. கல்லூரித் தலைவரை நேரில் போய்ப் பார், எது தடையாக இருந்தது, அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வார் என்றும் வழிகாட்டினார். லேதம் கடைசியில் ஹார்வர்டில் சேரவில்லை. யேல் கல்லூரிக்குப் போனான்.

உங்கள் மகனுக்கும் ஆறுதலோடு அந்தக் கடிதத்தின் இரண்டாவது பாதியும், அதாவது தடை எது என்று கண்டுபிடிக்கும் வழியும், வேண்டும். இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் வைத்துக்கொண்டு சேர்ந்து உட்காருங்கள். ஆங்கிலமா, பொது அறிவா, சட்டப் பகுதியா, நேரம் போதவில்லையா என்று அவனே கண்டுபிடிக்கட்டும். காரணம் பிடிபட்டால் ஒரு வருடத் தயாரிப்பில் பயன் இருக்கிறது. பிடிபடாமல் அதே கோச்சிங்கில் மறுபடி பணம் கட்டாதீர்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கும் அரசு சட்டக் கல்லூரிகளுக்கும் இப்போதே விண்ணப்பம் போட்டு வையுங்கள். அங்கே படித்தாலும் அவன் வக்கீல்தான்.