நம்மை விடப் பெரிய ஒன்றை நம்பினால் மனபலம் வருமா?

வரும். கஷ்டம் தீரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இலங்கையில் எங்கள் மலையகத்தையே பாருங்கள். 1820கள் முதல் கோப்பித் தோட்டங்களுக்குக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் கூடவே கொண்டுவந்தார்கள். பிறகு வேலைக்கேற்பவும் சாமி வந்தது: கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை) நடக்கும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி, தேயிலை பெக்டரிக்கு ரோதமுனி. கவ்வாத்து தொடங்கும் முன் கத்தியை வைத்துக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைப்பார்கள். அதற்காகச் சரிவில் கால் வழுக்காமல் இருக்காது, அட்டையும் கடிக்கும். ஆனால் பயம் ஒருவர் தலையில் மட்டும் ஏறாது. கும்பிட்ட எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பலம் அங்கேதான் வருகிறது என்பது என் எண்ணம். (தனியாக அறைக்குள் கும்பிடுவது எனக்கு அவ்வளவாகக் கைகொடுத்ததில்லை.) அதனால் நேர்த்தி வைப்பதோடு நிற்காமல், திருவிழா வேலை ஒன்றை எடுத்துச் செய்யுங்கள். சம்பளப் பிரச்சினையை மட்டும் சாமியிடம் விட்டுவிட வேண்டாம். அதற்குத் தொழிற்சங்கம் இருக்கிறது.