கிளெரிக்கா, பாலடினா? டேபிளில் ஏற்கெனவே ஒரு ஃபைட்டர் இருந்தால்...

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வேளச்சேரியில் நண்பர் வீட்டில் ஞாயிறுதோறும் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடப்போகிறோம். 2014 ஐந்தாம் பதிப்பு விதிகள், மூன்றாம் லெவலில் தொடக்கம். ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (திருடர்), விசார்ட் (மந்திரவாதி) மூன்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'நீ சாமி கேரக்டர் எடுத்து ஹீல் பண்ணு' என்கிறார்கள். எனக்கோ கவசம் போட்டு முன்னால் நின்று அடிக்க ஆசை. எதை எடுக்கலாம்?"

சாமி கேரக்டர் என்றால் கிளெரிக் என்ற மந்திரப் பூசாரி, அல்லது பாலடின் என்ற சபதமெடுத்த வீரர். முதலில் ஆட்டத்தை நடத்தும் உங்கள் டிஎம்மிடம் ஒன்று கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு லாங் ரெஸ்ட்டுக்கும் (செலவான மந்திரமெல்லாம் திரும்பும் நீண்ட தூக்கம்) அடுத்த லாங் ரெஸ்ட்டுக்கும் நடுவே எத்தனை சண்டை வரும்? பாதி விடை அதில் இருக்கிறது.

பாலடின் ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிற ஆள். அடியோடு தெய்வ சக்தியைச் சேர்க்கும் டிவைன் ஸ்மைட்டின் அழகு என்னவென்றால், அடி விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகு ஸ்லாட்டைச் (மந்திரத்துக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுக்கும் வாய்ப்பு) செலவழித்தால் போதும். தவறிய அடிக்கு ஸ்லாட் வீணாகாது. முதல் நிலை ஸ்லாட்டுக்கு எட்டுமுக டைஸ் இரண்டு, இரண்டாம் நிலைக்கு மூன்று; பிசாசோ பிணமோ எதிரே நின்றால் இன்னும் ஒன்று. கிரிட்டிகல் (இருபதுமுக டைஸில் 20) விழுந்தால் அத்தனையும் இரட்டிப்பு. ஐந்தாம் லெவலில் முதல் நிலை ஸ்லாட் நான்கு, இரண்டாம் நிலை இரண்டு. எல்லாவற்றையும் ஸ்மைட்டில் போட்டால் 14 டைஸ், சராசரியாக 63 டேமேஜ். அந்த லெவலில் ஒரு டர்னுக்கு இரண்டு அடி என்பதால், எல்லாம் விழுந்தால் மூன்றே ரவுண்டில் முடிந்த கதை. செஷனுக்கு ஒரு பெரிய சண்டை, உடனே தூக்கம் என்று ஓடும் டேபிளில் பாலடின்தான் ராஜா. நான்கு சண்டைக்கு ஒரு தூக்கம் என்றால், மூன்றாவது சண்டையில் அவர் கவசம் போட்ட ஒரு சாதா வாள்வீரர். அந்த வேலைக்கு உங்களிடம் ஃபைட்டர் இருக்கிறார்.

பாலடினின் உண்மையான பெருமை ஆறாம் லெவலில் வரும் ஆரா. பத்தடிக்குள் நிற்கும் நம்மவர் எல்லோருடைய சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) உங்கள் கரிஸ்மா மாடிஃபையர் சேரும். யாராவது ஒருவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போவதற்குள் கேம்பெயின் (தொடர் ஆட்டம்) அதுவரை எட்டுமா என்பது வேறு கேள்வி.

இனி 'ஹீல் பண்ணு' விவகாரம். சண்டை நடுவே ஹீல் செய்துகொண்டே இருப்பது இந்தப் பதிப்பில் நஷ்டக் கணக்கு. நீங்கள் ஏற்றுவதைவிட எதிரி இறக்குவதே பெரும்பாலும் அதிகம். விழுந்தவரை எழுப்பினால் போதும், அதற்கு ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) போதும். கிளெரிக்கின் ஹீலிங் வேர்ட் அறுபதடி தூரம் போகும், போனஸ் ஆக்ஷன்தான் (டர்னில் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) செலவு. அதே டர்னில் கதாயுதத்தால் ஓர் அடியும் போடலாம். பாலடினின் லே ஆன் ஹேண்ட்ஸுக்கு விழுந்தவர் பக்கத்தில் போய்த் தொட வேண்டும், முழு ஆக்ஷனும் போகும். ஆக, ஹீலுக்கே டர்ன் முழுவதையும் கொடுக்காதவர் கிளெரிக்தான். இதைச் சொன்னால் நம்ப மறுப்பவர்கள் நிறைய.

பாத்திரத்தின் குணம் எது என்று பார்த்தால், நம்மிடமே இரண்டுக்கும் கதை உண்டு. வாள்வித்தை கற்பித்த ஏனாதிநாத நாயனார், நெற்றியில் நீறு பூசி வந்த பகைவன் அதிசூரனை வெட்ட மாட்டேன் என்று நின்று உயிரை விட்டார். அது பாலடின்: சபதம் முதலில், உயிர் அப்புறம். மயிலாப்பூரில் பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தின் முன் பதிகம் பாடி அவளை எழுப்பிய சம்பந்தர் கிளெரிக். விதிப்படி பார்த்தால் உடலே இல்லாதவரை எழுப்ப ட்ரூ ரிசரக்ஷன் வேண்டும். ஒன்பதாம் நிலை ஸ்பெல், கிளெரிக்குக்கு 17ஆம் லெவலில் கிடைக்கும். பாலடின் அதே லெவலில் ரெய்ஸ் டெட் வரைதான் போவார். அதற்கு உடல் வேண்டும், இறந்து பத்து நாளுக்குள் இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், இறந்த உடனே எழுப்பும் ரிவிவிஃபை கிளெரிக்குக்கு ஐந்தாம் லெவலிலேயே வந்துவிடும், பாலடினுக்கு ஒன்பதில்.

உங்கள் டேபிளுக்கு என் ஓட்டு கிளெரிக், அதிலும் டெம்பஸ்ட் டொமைன் (புயல் தெய்வப் பிரிவு). கனக்கவசமும் மார்ஷியல் ஆயுதங்களும் முதல் லெவலிலேயே உண்டு, முன்வரிசை ஆசை தீரும். மூன்றாம் லெவலில் ஷாட்டர் என்ற இடி ஸ்பெல் கையில் இருக்கும். சேனல் டிவினிட்டியைச் (தெய்வ சக்தியை அழைக்கும் திறன்) சேர்த்து விட்டால் மூன்று எட்டுமுக டைஸும் உருட்டாமலே 24. நவம்பரில் ஆடினால் பின்னணி இசையும் இலவசம். லைஃப் டொமைனை எடுக்காதீர்கள். எடுத்தால் நண்பர்கள் உங்களை ஹீலராகவே வைத்திருப்பார்கள். ஐந்தாம் லெவலில் ஸ்பிரிட் கார்டியன்ஸ் என்ற காவல் ஆவி ஸ்பெல் வந்ததும் ஃபைட்டர் பக்கத்தில் போய் நில்லுங்கள். உங்களைச் சுற்றிப் பதினைந்தடிக்குள் எதிரிகள் டர்னுக்கு டர்ன் எட்டுமுக டைஸ் மூன்று வாங்குவார்கள், சேவ் செய்தால் பாதி.

டிஎம் "செஷனுக்கு ஒரே சண்டை" என்று உறுதியாகச் சொன்னால் மட்டும் பாலடினுக்கு மாறுங்கள். ஆனால் குழு 2024 புத்தகத்துக்குப் போனால் மேலே போட்ட கணக்கு செல்லாது. அதில் ஸ்மைட் ஒரு ஸ்பெல், போனஸ் ஆக்ஷன் செலவு, டர்னுக்கு ஒன்றுதான்.