எட்டாம் வகுப்பில் பள்ளியை மாற்ற வேண்டாம்

டோக்கியோ நிஷிகசாயிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் முதல் வகுப்பிலிருந்தே ஜப்பானியப் பள்ளியில்தான் படிக்கிறான். இப்போது சூகக்கோ எனும் நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு, அதாவது நம் கணக்கில் எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தில் மதிப்பெண் ஏறவில்லை, இன்டர்நேஷனல் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். கணக்கையும் அறிவியலையும் ஜப்பானிய மொழியில் நன்றாகப் படிக்கிற பையன். இந்த வயதில் மாற்றினால், ஒரு பாடத்தில் இருக்கும் தடுமாற்றம் எல்லாப் பாடத்துக்கும் வந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய விடைத்தாளைப் பார்த்தேன். தப்பெல்லாம் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான். 'ஏ', 'த' போடுவதில்லை, பன்மைக்கு 'எஸ்' சேர்ப்பதில்லை. ஜப்பானிய மொழியில் ஒரு நாயும் 'இனு', பத்து நாயும் 'இனு'. திட்டினால் இது மாறாது. எழுதி முடித்ததும் பெயர்ச்சொற்களை மட்டும் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: எண்ணக்கூடியதா, ஒன்றா பலவா, முன்பே சொன்னதா?

அதைவிடப் பெரிய சிக்கல் வாக்கிய வரிசை. 'யெஸ்டர்டே பாட் புக்' என்று எழுதியிருக்கிறான். அலட்சியம் என்று நினைக்காதீர்கள். ஜப்பானிய மொழியில் அது 'கினோ கத்தா ஹோன்'. நேற்று வாங்கின புத்தகம். வார்த்தைக்கு வார்த்தை நம் தமிழ் வரிசை! ஆங்கிலம் புத்தகத்தை முதலில் வைத்துவிட்டு, யார் எப்போது வாங்கினார்கள் என்பதை அப்புறம் சொல்கிறது: 'த புக் ஐ பாட் யெஸ்டர்டே'. நீங்களும் பள்ளியில் இதே தடையைத் தாண்டித்தான் ஆங்கிலம் கற்றிருப்பீர்கள். அதனால் இதை விளக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் அவனுக்குக் கிடையாது. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தினமும் சாப்பிடும்போது இப்படி ஒரு தொடரை மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தாலே போதும்.

சொற்களில் அவன் பின்தங்கியதற்குக் காரணம் உண்டு. 2021-இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது, சூகக்கோவில் படிக்க வேண்டிய சொற்கள் சுமார் 1,200-இலிருந்து 1,600–1,800 ஆகக் கூடின. அதற்கு முன்பே தொடக்கப்பள்ளியில் 600–700 சொற்கள் முடிந்துவிட்டதாக வைத்துத்தான் புத்தகம் தொடங்குகிறது. பல பிள்ளைகளுக்கு அவை காதில் விழுந்திருக்கும், எழுதத் தெரியாது. அங்கிருந்து ஆரம்பியுங்கள். வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கதகானா எழுத்தில் வரும் ஆங்கிலச் சொற்கள் அவனுக்கு ஏராளமாகத் தெரியும், அதுவும் ஒரு கைமுதல்தான். ஆனால் 'கன்னிங்' என்பதிலிருந்து வந்த 'கன்னிங்கு' என்றால் அங்கே பரீட்சையில் காப்பியடிப்பது, 'கிளெய்ம்' என்பதிலிருந்து வந்த 'குரேமு' என்றால் புகார். இப்படிப் பொருள் மாறியவற்றுக்குத் தனி நோட்டு போடட்டும்.

சரி, தேர்வுகள். எய்கென் என்ற ஜப்பானின் ஆங்கிலத் திறன் தேர்வில் நான்காம் நிலையை முதலில் எழுதட்டும், பிறகு மூன்றாம் நிலை. சூகக்கோ முடிக்கும் தரம் அது. அதில் நேர்முகப் பேச்சும் உண்டு, 2024 முதல் மின்னஞ்சல் எழுதும் கேள்வியும் சேர்ந்திருக்கிறது. டோக்கியோ அரசு உயர்நிலைப் பள்ளிகளின் சேர்க்கையில் ஈசாட்-ஜே என்ற ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு 20 மதிப்பெண். அதை மூன்றாம் ஆண்டில்தான் எழுதுவான். இரண்டாம் ஆண்டுக்கும் அதே மாதிரி ஒரு தேர்வு நடக்கும், அந்த மதிப்பெண் சேர்க்கைக்குப் போகாது. அதைப் பயமில்லாமல் எழுதவிடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். ஜுகுவில், அதாவது டியூஷன் வகுப்பில், சேர்ப்பதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.