வாசகர் கேள்வி – பதில்: மீன் கூடையும் மூடிய மூக்கும்

கேள்வி: நான் தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி. என் அம்மா அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்கிறார். தோழிகள் கேட்டால் "வியாபாரம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வகுப்பில் சத்தம் கூடினால் "இதென்ன மீன் மார்க்கெட்டா?" என்று ஆசிரியர் கேட்பார், எனக்கு உடம்பு கூசிப்போகும். இது என் தாழ்வு மனப்பான்மையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: இல்லை, மகளே. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-இல் வெளியிட்ட நூலில், சமூகம் சிலர்மீது குத்தும் இழிவு முத்திரை அவர்களுடைய உடலிலோ தொழிலிலோ இருப்பதல்ல, பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் உள்ள உறவில் உருவாவது என்று விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் குழம்பில் கொதிக்கும்போது 'வாசனை' என்று நாம் சொல்லும் அதே வஞ்சிரம், பேருந்தில் ஒரு பெண்ணின் கூடையில் இருக்கும்போது 'நாற்றம்' ஆகிவிடுகிறதே, அதைத்தான் அவர் சொல்கிறார். முத்திரை வெளியே தெரிபவர்களையும் அதை மறைத்து வாழக்கூடியவர்களையும் அவர் பிரித்துப் பார்த்தார். கூடையோடு ஏறும் உங்கள் அம்மா முதல் வகை. எங்கே தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொரு பேச்சிலும் எச்சரிக்கையாக இருக்கும் நீங்கள் இரண்டாம் வகை.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டி, நாற்றம் என்று சொல்லி அத்தகைய வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காணொளி பரவிய பிறகே ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். காணொளி எடுக்கப்படாத நாட்களில் இறக்கிவிடப்பட்டவர்களை நாம் அறியவே இல்லை.

ஊடகத்தின் பங்கு இங்கேதான் வருகிறது. திரைப்படத்தில் குப்பம் என்றால் பெரும்பாலும் அடிதடி, அல்லது சிரிப்புக்காகச் சத்தம் போடும் ஒரு பெண். செய்தியில் என்றால், 2004 சுனாமியிலும் 2011 தானே புயலிலும் அழுத முகங்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் கேமரா அந்தப் பக்கம் திரும்புவது அரிது. ஊடக ஆய்வாளர்களான ஜார்ஜ் கெர்ப்னரும் லாரி கிராஸும் 1976-இல் எழுதிய கட்டுரையில், திரையில் ஒரு பிரிவினருக்கு இடமே இல்லாமல் போவதைக் 'குறியீட்டு அழிப்பு' என்றார்கள். சற்றுக் கடுமையான சொல்தான், ஆனால் பொருத்தமானது. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே குரல் உயர்த்தாதவருக்குக் கூடை கிடைக்காது. படகின் இரைச்சலுக்கு மேல் விலை கேட்டு, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மதியத்துக்குள் விற்றுத் தீருமா என்று மனக்கணக்குப் போட்டு முடிக்கும் அந்தத் திறமையைத்தான் நாம் ஒரு வசைச்சொல்லாக வகுப்பறைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். வெட்கம் எங்களுடையதாக இருக்க வேண்டும், உங்களுடையதாக அல்ல.

கேள்வி: மக்கள் ரசிப்பதைத்தானே ஊடகம் காட்டுகிறது? பிறகு ஏன் குறை சொல்கிறீர்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஐயா, எல்லோரும் ஒரே மாதிரி ரசிப்பதில்லை. ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால், 1973-இல் எழுதிய கட்டுரையில், தயாரித்தவர் நினைத்த பொருளிலேயே ஏற்பவர், பாதி ஏற்றுப் பாதி மறுப்பவர், முழுவதும் எதிர்த்து வாசிப்பவர் என மூன்று நிலைகளைக் கூறினார். ஒரே நகைச்சுவைக் காட்சிக்கு உங்கள் வீட்டில் சிரிப்பு எழலாம், தேவனாம்பட்டினத்து வீட்டில் தொலைக்காட்சி அணைக்கப்படலாம். அணைத்தவரின் கருத்தை யாரும் கேட்பதில்லை. கதை எழுதும் மேசையிலும் அவர் இல்லை. 'மக்கள்' என்று நாம் கணக்கெடுப்பதில் அவர் விடுபட்டுப் போகிறார்.

முதல் கேள்வியை எழுதிய மகள், ஏலக்களத்தின் ஒரு காலைப் பொழுதைத் தன் சொற்களில் எழுதி அனுப்பினால் இதே பக்கத்தில் வெளியிடுவோம். பெயரைப் போடுவதும் விடுவதும் அவர் விருப்பம்.