அரசியல் அந்நியமாதல் என்றால் என்ன? கிராம சபைக்கு மக்கள் ஏன் வருவதில்லை?

“நான் சொல்லி என்ன மாறப்போகிறது?” என்று ஒருவர் பொதுக்காரியங்களிலிருந்து மனதளவில் விலகிவிடுவதே அரசியல் அந்நியமாதல்.

அது பெரும்பாலும் அனுபவத்தில் விளைவது. தமிழ்நாட்டுக் கிராம சபையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும். 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் பேசலாம். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும்.

கெடுவது எங்கே? கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதும்போது. போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லாதபோது. காற்று மட்டுமே வரும் தெருக்குழாயில் நான்கு நாள் குடம் வைத்தவர் ஐந்தாம் நாள் வைக்கமாட்டார். தண்ணீர் வேண்டாம் என்பதாலா?

ஆகவே கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். தீர்மானத்தை வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். இது மிக முக்கியம்.

ஓட்டுப் போடுகிறவரிடம் இந்த அந்நியமாதல் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். தவறாமல் வாக்களித்துவிட்டு அடுத்த ஐந்தாண்டும் எதையும் கேட்காமல் ஒதுங்கியிருப்பவரிடமும் இது உண்டு.